காட்டுத் தரையில் ஓடக் கற்றுக்கொடுப்போம்: திசையறி ஓட்டத்திற்கான கால் பயிற்சி



சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். அப்போது நான் ஓர் இடைநிலைப்பள்ளியில் சாரணர் பொறுப்பாசிரியர். சுங்கைவே அடுக்குமாடி வீட்டிலிருந்து வரும் படிவம் 2 மாணவன் ஒருவன் இருந்தான். திடலில் ஓடவிட்டால் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. பள்ளிக் குறுக்கோட்டத்தில் எப்போதும் முதல் ஆள் அவன்தான். திசையறி ஓட்டப் போட்டிக்கு ஒரு குழு வேண்டும் என்றபோது நான் யோசிக்கவே இல்லை. "நீ வந்தா போதும்டா, ஜெயிச்சிடலாம்" என்றேன்.

ஒரு சனிக்கிழமை காலை பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போனேன். முந்தின நாள் மாலை நல்ல மழை. விசில் ஊதியதும் அவன் பாய்ந்து போய் மரங்களுக்குள் மறைந்துவிட்டான். பத்து நிமிடத்தில் இன்னொரு மாணவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "சார், அவனுக்குக் கால் திரும்பிடுச்சு சார்." ஈரமான வேர் ஒன்றில் முழு வேகத்தோடு காலை வைத்திருக்கிறான். அந்த ஆண்டு மாவட்டக் குறுக்கோட்டத்தில் அவனால் ஓட முடியவில்லை. அவனுடைய அம்மா என்னைத் திட்டவில்லை. "தார் ரோட்டுல ஓடிப் பழகின பிள்ளைங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல்லில் எல்லாம் இருந்தது. தவறு அவனுடையது அல்ல. திடலில் ஓடத் தெரிந்தவனுக்குக் காட்டிலும் ஓடத் தெரியும் என்று நான் நினைத்ததுதான் தவறு. காட்டு ஓட்டம் தனித்திறன். அதைக் கற்றுக்கொடுக்கலாம், பெரும்பகுதியைப் பள்ளித் திடலிலேயே கற்றுக்கொடுக்கலாம். அதற்கான வழியை இக்கட்டுரையில் விளக்குகிறேன்.

திசையறி ஓட்டம் என்றால் என்ன?

ஓரியண்டீரிங் எனப்படும் திசையறி ஓட்டத்தில், போட்டியாளர் கையில் வரைபடமும் திசைகாட்டியும் மட்டுமே இருக்கும். வரைபடத்தில் வட்டமிட்ட இடங்களை வரிசைப்படி கண்டுபிடித்து, குறைந்த நேரத்தில் முடிக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த அடையாளத் துணி தொங்கும். எந்த வழியில் போவது என்பது ஓடுபவரின் முடிவு.

இது சுவீடன், நார்வே நாடுகளின் இராணுவப் பயிற்சியிலிருந்து வளர்ந்த விளையாட்டு. பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897இல் நார்வேயில் நடந்தது. பிறகு சுவீடனைச் சேர்ந்த சாரணர் தலைவர் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் இதை இளைஞர்களிடையே பரப்பினார். அனைத்துலகக் கூட்டமைப்பு 1961இல் உருவானது. முதல் உலகப் போட்டி 1966இல் பின்லாந்தில் நடந்தது.

நமக்கு இது புதிதா?

காட்டுக்குள் வழி தேடி ஓடுவது கோலாலம்பூருக்குப் புதிதல்ல. 1938இல் ஆல்பர்ட் கிஸ்பெர்ட் என்ற ஆங்கிலேயரும் நண்பர்களும் இங்கே 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' என்ற ஓட்டக் குழுவைத் தொடங்கினார்கள். ஒருவர் முன்னால் போய்க் காகிதத் துண்டுகளைப் போட்டுத் தடம் வைப்பார். மற்றவர்கள் ரப்பர் தோட்டம், காடு வழியாக அந்தத் தடத்தைத் தேடி ஓடுவார்கள். நடுவில் பொய்த் தடங்களும் இருக்கும். வேகமாக ஓடுபவர் பொய்த் தடத்தில் போய்த் திரும்புவதற்குள், மெதுவாக வருபவர் வந்து சேர்ந்துவிடுவார். இன்று உலகம் முழுவதும் இப்படிப்பட்ட குழுக்கள் உண்டு. அவற்றின் தொடக்கம் நம்முடைய ஊர்தான்.

அதற்கும் முன்பே, அந்த ரப்பர் தோட்டங்களின் நிரைகளில் விடியுமுன் நடந்தவர்கள் நம் தாத்தா, பாட்டிமார்கள். என் பாட்டி பால்மரம் வெட்டியவர். தோளில் காண்டா கம்பு, இரண்டு பக்கமும் பால் வாளி. மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து, பால் சிந்தாமல் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். "எட்டி வைக்காத, கிட்ட கிட்ட வை, முட்டியை வெறைப்பா வச்சுக்காத" என்பார். பிற்பாடு காட்டு ஓட்டப் பயிற்சி முறைகளைப் படித்தபோது, அவர் சொன்னதே முதல் பாடமாக இருந்தது. அடுக்குமாடி வீட்டுக்கு வந்த இரண்டு தலைமுறைகளில் அந்தக் கால் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இல்லாமல் போய்விட்டது.

திடலும் காடும்

திடலில் தரை சமம். ஒவ்வோர் அடியும் முந்திய அடியைப் போலவே விழும். அதனால் உடல் ஒரே தாளத்தில் ஓடிப் பழகும், எட்டு நீளமாகும், கண் தரையைப் பார்க்க வேண்டியதில்லை.

காட்டில் அடிக்கு அடி தரை மாறும். வேர், கல், இலைச் சருகு மூடிய குழி, மழையில் வழுக்கும் செம்மண், விழுந்த மரம், பிரம்பு முள் என்று வரிசையாக வரும். நீளமாக எட்டி வைத்தால், காலை ஊன்றிய பிறகு மாற்ற முடியாது. பாதம் உடலுக்கு வெகுதூரம் முன்னால் போய் விழும். அங்கே தரை வழுக்கினாலோ சரிந்திருந்தாலோ பாதம் உட்புறமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்க இணைப்புநார்கள் அளவுக்கு மீறி இழுபடும். நாம் "கால் திரும்பிடுச்சு" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

கண், கால், கை

முதலில் கண். புதிதாகக் காட்டில் ஓடும் மாணவர்கள் தங்கள் பாதத்தையே பார்ப்பார்கள். பாதத்தைப் பார்க்கும்போது முடிவெடுக்க நேரம் இல்லை. கால் ஏற்கெனவே இறங்கிவிட்டது. 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கரடுமுரடான தரையில் நடப்பவர்களின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். நடப்பவர்களின் பார்வை, இன்னும் ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் கால் வைக்கப்போகும் இடத்தில் இருந்தது. ஓடும்போது அதே ஒன்றரை வினாடிக்கு இன்னும் கூடுதல் தூரம் தேவைப்படும். ஆகவே மாணவர்களிடம், "காலைப் பார்க்காதே, நாலைந்து மீட்டர் முன்னால பாரு. நல்ல இடத்தைக் கண்ணு தேர்ந்தெடுக்கட்டும், கால் தானா போகும்" என்று சொல்லலாம். தொலைவில் எதையாவது பார்க்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து கால். எட்டு சிறியதாக, அடிக்கடி விழ வேண்டும். பாதம் இடுப்புக்கு நேர்கீழே இறங்க வேண்டும். முட்டி சற்று மடங்கியே இருக்க வேண்டும். வேரிலும் கொடியிலும் இடறாமல் இருக்க, திடலில் தூக்குவதைவிட முட்டியைக் கூடுதலாகத் தூக்க வேண்டும். குதிகாலை முதலில் குத்தாமல், பாதத்தின் நடுப்பகுதியை ஊன்ற வேண்டும். சிறு எட்டின் பயன் எளிது: ஓர் அடி வழுக்கினாலும் அடுத்த அடி உடனே வந்து உடலைத் தாங்கிவிடும்.

பிறகு கை. திடலில் கையை உடலோடு ஒட்டி முன்னும் பின்னும் வீசச் சொல்கிறோம். காட்டில் முழங்கையைச் சற்று அகற்றி வைக்க வேண்டும். கழைக்கூத்தாடி கயிற்றில் நடக்கும்போது கம்பு செய்யும் வேலையை இங்கே கை செய்கிறது. அடர்ந்த புதரில் ஒரு கை முகத்தைக் காக்கும். மற்றொரு கையில் வரைபடம்.

ஏற்றம், இறக்கம், தடைகள்

ஏற்றத்தில் இடுப்பை மடித்துக் குனியாமல், கணுக்காலிலிருந்து உடல் முழுவதும் சற்று முன்சாய வேண்டும். செங்குத்தான இடத்தில் தொடையில் கையை ஊன்றி வேகமாக நடப்பதே நல்லது. "நடந்தா தோத்துடுவேன்" என்று மாணவர்கள் நினைப்பார்கள். அந்த இடத்தில் ஓடினாலும் வேகம் பெரிதாகக் கூடாது. மூச்சு மட்டும் போய்விடும். மேலே ஏறியதும் வரைபடத்தைப் பார்க்கக்கூட மூளை வேலை செய்யாது.

இறக்கத்தில் பயந்து பின்னால் சாய்வதுதான் பொதுவான பிழை. பின்னால் சாய்ந்தால் குதிகாலில் எடை விழும், செம்மண்ணில் அது வழுக்கிவிடும். இடுப்பைத் தாழ்த்தி, முட்டியை மடித்து, மிகச் சிறு எட்டாக இறங்க வேண்டும். ரொம்பச் சரிவாக இருந்தால் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து இறங்கலாம்.

ஈரமான வேரின் மீதும் விழுந்த மரத்தின் மீதும் மிதிக்கக் கூடாது. வேர்களுக்கு இடையில் உள்ள மண்ணில் கால் வைக்க வேண்டும். விழுந்த மரத்தைத் தாண்டும் முன் அதன் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும், பாம்பு படுத்திருக்கலாம். ஓடையில் பாசி பிடித்த கல்லைவிட மணல் தெரியும் இடம் பாதுகாப்பானது. பிரம்பு முள் மாட்டிக்கொண்டால் முன்னால் இழுக்காமல், ஓரடி பின்னால் வந்து எடுக்க வேண்டும்.

காலணிக்கு அதிகம் செலவு செய்ய வேண்டியதில்லை. தோட்டத்தில் பால் வெட்டுபவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்தை நம் நாட்டுக் காட்டு ஓட்டக்காரர்கள் பலர் விரும்பிப் போடுகிறார்கள். அடியில் குமிழ் குமிழாக இருப்பதால் சேற்றில் பிடிப்பு கிடைக்கும், விலையும் குறைவு. நீளக் காலுறையோடு போட்டுப் பழகிவிட்டுத்தான் போட்டிக்குப் போக வேண்டும்.

வரைபடமே வேகத்தைச் சொல்லும்

இங்கேதான் திசையறி ஓட்டம் மற்ற காட்டு ஓட்டங்களிலிருந்து வேறுபடுகிறது. தரை எப்படி இருக்கும் என்பதை வரைபடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பழுப்புக் கோடுகள் நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும், நீலம் நீரையும், கறுப்பு பாறை, பாதை, கட்டடங்களையும் காட்டும். மஞ்சள் வெட்டவெளி. வெள்ளை என்பது தாராளமாக ஓடக்கூடிய காடு. பச்சை கூடக்கூட அடர்த்தி கூடும்: இளம்பச்சையில் வழக்கமான வேகத்தில் 60 முதல் 80 விழுக்காடு, நடுப்பச்சையில் 20 முதல் 60 விழுக்காடு, கரும்பச்சையில் 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்பது அனைத்துலக வரைபட விதி.

ஒரு கணக்குப் பார்ப்போம். வரைபடத்தின் அளவு 1:10,000. அப்படியென்றால் 1 சென்டிமீட்டர் 100 மீட்டர். சமவுயரக் கோடுகளின் இடைவெளி 5 மீட்டர். அடுத்த அடையாளத்திற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி நேர்வழி: 6 சென்டிமீட்டர், 8 கோடுகள் ஏற வேண்டும். இரண்டாம் வழி குன்றைச் சுற்றிப் போகும் சமமான பாதை: 8.5 சென்டிமீட்டர்.

நேர்வழி 600 மீட்டர் தூரம், 40 மீட்டர் ஏற்றம். 1892இல் ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் கொடுத்த விதிப்படி, 1 மீட்டர் ஏறுவது ஏறக்குறைய 8 மீட்டர் சமதரைக்குச் சமம். 40 × 8 = 320. ஆக நேர்வழி 600 + 320 = 920 மீட்டருக்குச் சமம். சுற்றுவழி 850 மீட்டர்தான். நேர்வழியில் இளம்பச்சையும் குறுக்கிட்டால் வேறுபாடு இன்னும் கூடும். சுற்றிப் போகிறவர் முந்திவிடுவார். அவருடைய கணுக்காலும் பத்திரமாக இருக்கும். ஓட்ட நுட்பத்தில் பாதி, மோசமான தரையில் ஓடாமல் இருப்பதுதான்.

வரைபடத்தைப் பார்க்கும் நேரமும் முக்கியம். வேர் நிறைந்த இடத்தில் ஓடிக்கொண்டே படித்தால் விழுவது நிச்சயம். பாதையிலோ வெட்டவெளியிலோ பார்த்து, அடுத்த பகுதியை மனத்தில் ஏற்றிக்கொண்டு, பிறகு தரையைப் பார்த்து ஓட வேண்டும். வரைபடத்தைச் சிறிதாக மடித்து, நாம் நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டால் ஒரே பார்வையில் இடம் கிடைத்துவிடும்.

வேகத்தைச் சாலை விளக்கோடு ஒப்பிட்டுச் சொன்னால் மாணவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பாதை, ஓடை, வேலி போன்ற தெளிவான கோட்டைப் பின்பற்றும்போது பச்சை: வேகமாக ஓடலாம். கோட்டை விட்டுக் காட்டுக்குள் நுழைந்தால் மஞ்சள்: வேகத்தைக் குறைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். அடையாளத்தை நெருங்கும்போது சிவப்பு: நடந்தாலும் பரவாயில்லை. பல நிமிடங்களை இழப்பது இந்தக் கடைசிப் பகுதியில் அவசரப்படுபவர்கள்தான்.

ஆறு வாரப் பயிற்சி

வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் 40 நிமிடம் போதும்.

முதல் இரண்டு வாரங்கள் திடலில் மட்டும். புல்தரையில் வெறுங்காலுடன் ஒற்றைக் காலில் 30 வினாடி நிற்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்கட்டும். கண் மூடியதும் கணுக்கால் ஆடுவதை மாணவர்களே உணர்வார்கள். அந்தச் சிறு தசைகளைத்தான் பழக்குகிறோம். அடுத்து நொண்டியாட்டம். ஆமாம், நம் பழைய நொண்டியாட்டமேதான். ஒற்றைக் காலில் குதித்து, குறித்த கட்டத்தில் கோடு மிதிக்காமல் இறங்குவது காட்டு ஓட்டத்திற்கு அருமையான பயிற்சி.

மூன்றாம், நான்காம் வாரங்களில் திடலில் தடை வையுங்கள். குச்சி, பழைய டயர், கயிறு ஆகியவற்றை ஒழுங்கற்ற இடைவெளியில் பரப்புங்கள். இடைவெளி சமமாக இருந்தால் பயன் இல்லை. பள்ளிக்குப் பின்னால் மேடு இருந்தால் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கையில் வாய்ப்பாட்டுத் தாள் ஒன்றைக் கொடுத்து, ஓடிக்கொண்டே எங்கே படிப்பது, எங்கே படிக்கக் கூடாது என்று பழக்கலாம்.

ஐந்தாம் வாரம் பூங்காவின் மண்பாதை. இங்கே கோதுமை மாவால் தடம் போட்டு, இரண்டொரு பொய்த் தடமும் வைத்தால் வேகமானவரும் மெதுவானவரும் சேர்ந்தே முடிப்பார்கள். உடல் பருமனான பிள்ளைக்கும் ஒரு வேலை இருக்கும்.

ஆறாம் வாரம் காடு. சுங்கைவேயிலிருந்து புக்கிட் காசிங் தூரமில்லை. கோத்தா டாமன்சாரா சமூகக் காடு உண்டு. கெப்போங்கில் வனஆய்வுக் கழகத்தின் காடும் உண்டு. அது 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. முதல் நாள் ஓட வேண்டாம். நடந்து தரையை மட்டும் பார்க்கட்டும். இரண்டாம் முறை மெல்லோட்டம். அதன் பிறகுதான் கடிகாரம்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை

பள்ளி நிர்வாகம், பெற்றோர், காட்டைப் பராமரிக்கும் தரப்பு ஆகியோரின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். நம் ஊரில் இடியும் மழையும் பெரும்பாலும் மாலையில் வரும் என்பதால் காலையில் தொடங்கி நண்பகலுக்குள் முடிப்பது நல்லது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளி நடவடிக்கை வேண்டாம். ஒவ்வொரு மாணவரிடமும் விசிலும் தண்ணீரும் இருக்க வேண்டும்; விசில் மூன்று முறை ஒலித்தால் உதவி தேவை என்று பொருள். இருவர் இருவராக அனுப்புங்கள். திரும்பி வர வேண்டிய நேரத்தைச் சொல்லி, முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அந்நேரத்தில் வரச் சொல்லுங்கள். காலில் காயம் இருந்தால் மூடிக்கட்டாமல் ஓடையில் இறங்கவிடாதீர்கள். எலிச் சிறுநீரால் பரவும் நோய் அந்த வழியாகவும் வரும்.

கால் திரும்பினால் உடனே ஓட்டத்தை நிறுத்தி ஓய்வு கொடுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டி வையுங்கள். மீள்பட்டையால் அளவாகக் கட்டி, காலை உயர்த்தி வையுங்கள். வலி தாங்காமல் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றால், எலும்பு முறிவு இருக்கலாம். மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். அவசர எண் 999. "உருவி விட்டா சரியாயிடும்" என்று யாரையும் உருவ விடாதீர்கள்.

அந்த மாணவன் அடுத்த ஆண்டு மீண்டும் வந்தான். இம்முறை ஆறு வாரமும் நொண்டியடித்து, டயர் தாண்டி, மாவுத் தடம் தேடி ஓடினான். போட்டியில் முதலிடம் கிடைக்கவில்லை, மூன்றாவதாக வந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் வந்து சொன்னான்: "சார், இந்தத் தடவை நாலு இடத்துல நடந்தேன் சார்." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது, பாடம் அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது.

தேர்வு மாணவர்களுக்கு

எஸ்.பி.எம். விளையாட்டு அறிவியல் படிப்பவர்கள், செயல்திறன் சார்ந்த உடற்தகுதிக் கூறுகளான சுறுசுறுப்பு, சமநிலை, ஒருங்கிணைப்பு, வெடிப்பாற்றல், எதிர்வினை நேரம், வேகம் ஆகிய ஆறையும் இக்கட்டுரையோடு பொருத்திப் பாருங்கள். கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை எழுதிப் பழகுங்கள்.

1. காட்டுத் தரையில் நீளமாக எட்டி வைத்து ஓடுவது ஏன் ஆபத்தானது? இரண்டு காரணங்களைத் தருக.

2. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பது, நொண்டியாட்டம், தடைகளுக்கு நடுவே ஓடுவது ஆகியவை எந்தெந்த உடற்தகுதிக் கூறுகளை வளர்க்கும்?

3. 1:10,000 வரைபடத்தில் நேர்வழி 5 சென்டிமீட்டர், 6 சமவுயரக் கோடுகள் ஏற்றம். சுற்றுவழி 8 சென்டிமீட்டர், சமதரை. கோட்டு இடைவெளி 5 மீட்டர் என்றால் எந்த வழி சிறந்தது? கணக்கிட்டுக் காட்டுக. நேர்வழி முழுவதும் இளம்பச்சையாக இருந்தால் உங்கள் முடிவு மாறுமா?

4. 'விரைந்து ஓடுபவரே வெல்வார் என்பது திசையறி ஓட்டத்திற்குப் பொருந்தாது.' இக்கூற்றை ஏற்றோ மறுத்தோ 150 சொற்களில் கருத்துரைக்க.